இரவிவர்மா: தோற்ற உண்மையும் வாழ்க்கை உண்மையும்

1

'யதார்த்தவாதம்' என்னும் சொல் நமது விமர்சனத் துறையில் பெரும்பாலும் நாவல், சிறுகதை ஆகியவற்றை மனத்திற்கொண்டே பயின்று வந்துள்ளது. ஓவியத்தைப் பற்றிப் பேசும்பொழுது அதே சொல் 'உள்ளதை உள்ளபடி வரைதல்' என்ற எளிய பொருளுக்குச் சுருங்கிவிடுகிறது. உயிருள்ளது போன்ற முகம், கையில் எடுக்கலாம் போன்ற நகை, காற்றில் அசையும் போன்ற சேலைத் தலைப்பு ஆகியன யதார்த்தத்தின் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ்பேசும் மக்களின் கண்ணுக்கு இத்தகைய ஓவியத்தைப் பரவலாகப் பழக்கியவர் திருவிதாங்கூரைச் சேர்ந்த இரவிவர்மா (1848–1906). அவருடைய வாழ்க்கையையும் பாணியையும் அவற்றின் சமூக அடிப்படையோடு சேர்த்து விளக்கி, அவரை எந்தப் பொருளில் யதார்த்தவாதி எனலாம் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பீட்டுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். எண்ணெய்வண்ண ஓவியத்தில் யதார்த்தநெறி உறுதியாக வேரூன்றிய நாடுகளுள் ஸ்பெயின் ஒன்று. 1599இல் செவில் நகரிற் பிறந்த வெலாஸ்கெஸ், 1623இல் நான்காம் பிலிப் மன்னனின் அரண்மனை ஓவியரானார். ஆயினும் அவர் 1618இல் வரைந்தது அடுப்படியில் முட்டை பொரிக்கும் ஒரு முதியவளை. 1628–29இல் மதுக் கடவுளான பாக்கசை வரைய நேர்ந்தபோது, அக்கடவுளைச் சூழ வெயிலிற் கறுத்த முகமும் கந்தல் உடையும் கொண்ட குடியானவரை இருத்தினார். 1630இல் அவர் வரைந்த வல்கனின் உலைக்களத்தில் தேவலோகக் கொல்லர் வியர்வை சிந்தும் உண்மையான கொல்லராகவே நிற்கின்றனர். அரண்மனைச் சம்பளத்தில் வாழ்ந்த ஒருவர், புராணக் கதையைச் சொல்லும் வாய்ப்பிலேயே உழைப்பாளியின் உடலைச் சித்திரத்தினுள் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின் பிறந்த கோயா, 1808 மே மூன்றாம் நாள் மட்ரிட்டில் நெப்போலியனின் படையினர் மக்களைச் சுட்டுக்கொன்றதை 1814இல் வரைந்தார். 'போரின் அழிவுகள்' என்னும் அவருடைய அச்சோவியங்களுள் 80 அவர் இறந்து 35 ஆண்டுகள் சென்ற பின்னர், 1863இலேயே நூலுருப் பெற்றன. புரவலர் விரும்பாத உண்மை வெளிவரக் காலம் பிடிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இரவிவர்மாவும் அரண்மனைகளைச் சார்ந்து வாழ்ந்தவர். எண்ணெய்வண்ணத்தையே கருவியாகக் கொண்டவர். புராணக் கதைகளையே பெரிதும் வரைந்தவர். எனவே ஸ்பானிய ஓவியரிடம் நாம் காணும் அந்த உடைப்பு இவரிடமும் நிகழ்ந்ததா என வினவுவது பொருத்தமானதே.

2

இரவிவர்மா 1848 ஏப்ரல் 29ஆம் நாள் கிளிமானூர் அரண்மனையிற் பிறந்தார். கிளிமானூர்க் குடும்பம் திருவிதாங்கூர் அரச குலத்தோடு மணவுறவு கொண்டிருந்த, நிலவுடைமையுள்ள குடும்பமாகும். மருமக்கள்தாய முறைப்படி அவர் தாயின் வீட்டுக்கே உரியவர். அவருக்கு முதலிற் சித்திரம் கற்பித்தவரும் தாய்மாமனான இராஜராஜவர்மாவே. அம்மாமன் தஞ்சாவூர்ச் சித்திர மரபிற் பயின்றவர். 1862இல், பதினான்காம் வயதில், சிறுவனை அவர் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச்சென்று ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவிற் சேர்த்தார்.

அரண்மனையில் எண்ணெய்வண்ண நுட்பம் எளிதில் கைக்கெட்டவில்லை. அங்கிருந்த மதுரை ஓவியர் இராமசாமி நாயக்கர் அதனைக் கற்பிக்க முன்வரவில்லை என்றும், அவருடைய மாணாக்கரான ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்றும், 1868இல் திருவனந்தபுரம் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் தாம் வரைவதைப் பார்ப்பதற்கு மட்டுமே இடமளித்தார் என்றும் வாழ்க்கை வரலாறு எழுதியோர் கூறுவர். தனிமனிதரின் பொறாமை என்று இதனை விளக்குதல் போதாது. நுட்பம் என்பது பரம்பரையின் அல்லது குழுவின் உடைமையாக, இரகசியமாகக் காக்கப்பட்ட கைவினை அமைப்பு அக்காலத்தில் தளர்ந்துகொண்டிருந்தது. எவரும் கட்டணம் செலுத்திக் கற்கத்தக்க கலைப்பள்ளி அமைப்பு அங்கு இன்னும் வந்துசேரவில்லை. இந்த இடைவெளியிலேதான் இரவிவர்மா தம்மைத் தாமே பயிற்றிக்கொண்டார்.

1870இல் கோழிக்கோட்டின் நீதிபதி ஒருவரின் குடும்பப் படத்தைக் கூலிக்கு வரைந்ததோடு அவரது தொழில்வாழ்க்கை தொடங்குகிறது. 1873இல், மல்லிகை மாலையாற் கூந்தலை அலங்கரிக்கும் நாயர் பெண்ணின் சித்திரம் சென்னைக் கண்காட்சியிலே தங்கப் பதக்கம் பெற்றது. அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டில் இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணின் சித்திரமும் சென்னையிற் பரிசு பெற, 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அது வழங்கப்பட்டது. 1876இல் சகுந்தலை துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சித்திரத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு விலைக்கு வாங்கினார். 1880இல் ஆயில்யம் திருநாள் இறந்தபின் திருவிதாங்கூர் அரண்மனையுடனான உறவு நலிந்தது. அவ்வேளையிலே பரோடாவின் கதவு திறந்தது. திருவிதாங்கூரிற் திவானாகவிருந்து பின்னர் பரோடாவிற் பதவி வகித்த கும்பகோணத்துத் தி. மாதவராவ் இதற்கு வழி செய்தார். 1888இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் தமது புதிய அரண்மனைக்காகப் பதினான்கு புராணச் சித்திரங்களை வரையும் பணியை ஒப்படைத்தார். 1890இல் அவை முடிவுற்றன. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது பெருங்கூட்டம் திரண்டது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்குப் பத்துச் சித்திரங்கள் சென்றன. 1894இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. 1904இல் பிரித்தானிய அரசு கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. 1906 ஒக்டோபர் 2ஆம் நாள் அவர் கிளிமானூரில் மறைந்தார்.

இவ்வாழ்க்கையில் ஒருவர் எளிதில் மறந்துவிடத்தக்க பெயர் தம்பி சி. இராஜராஜவர்மாவினுடையது. 1905இல் தாம் இறக்கும்வரை அவர் தமையனோடு பயணஞ்செய்தார். பல சித்திரங்களின் பின்னணி நிலக்காட்சிகளை அவரே தீட்டினார். கணக்குகளையும் கடிதப் போக்குவரத்தையும் கவனித்தார். அவருடைய நாட்குறிப்பு, இவ்விருவரும் புகைவண்டியில் அரண்மனைக்கு அரண்மனை சென்று, கட்டணம் பேசி, குறித்த நாளில் வேலையை முடித்துக் கொடுத்த தொழிற்குழுவாக இயங்கியமையைக் காட்டுகிறது. பிறப்பால் நிலப்பிரபுத்துவக் குடும்பத்தவர், தொழிலால் சந்தைக்கு உற்பத்தி செய்பவர் என்ற இந்த முரண்பாடே இரவிவர்மாவைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோலாகும்.

3

இரவிவர்மாவின் பாணியை மூன்று கூறுகளாக நோக்கலாம்.

முதலாவது, பொருள்களின் பரப்பு. தஞ்சாவூர் மரபிலே நகை என்பது பொன் தகடும் கண்ணாடிக் கல்லும் பதித்துக் காட்டப்படுவது. அங்குப் பொன் பொன்னாகவே இருக்கும். இரவிவர்மாவிடம் பொன் மஞ்சள், பழுப்பு, வெள்ளை நிறங்களின் விளையாட்டாக மாறிவிடுகிறது. ஒளி எத்திசையிலிருந்து விழுகின்றது, பட்டில் எவ்வாறு வழுக்குகின்றது, கழுத்தின் மடிப்பில் எங்கே நிழலாகின்றது என்பவற்றை அவர் நுணுகிக் கண்டார். எண்ணெய்வண்ணம் மெதுவாக உலர்வது. ஒரு நிறத்தை மற்றொன்றில் இழைக்க அவகாசம் தருவது. சருமத்தின் மென்மையையும் சரிகையின் மினுக்கத்தையும் ஒருங்கே காட்டுவதற்கு அது தகுந்த சாதனம். ஐரோப்பாவில் வணிக வர்க்கம் தன் உடைமைகளின் தொட்டறியத்தக்க தன்மையைக் கண்டு மகிழ்வதற்கு எண்ணெய்வண்ணத்தைப் பயன்படுத்திக்கொண்டது. காலனித்துவ இந்தியாவில் அரசியல் அதிகாரத்தை இழந்து ஆடையாபரணங்களை மாத்திரம் தக்கவைத்துக்கொண்ட சுதேச மன்னர்க்கும் அது அவ்வாறே பயன்பட்டமை வியப்பன்று.

இரண்டாவது, காட்சியமைப்பு. அவருடைய புராணச் சித்திரங்கள் பெரும்பாலும் நாடக மேடையின் ஒரு கணத்தை நிறுத்திவைத்தவை போலுள்ளன. பாத்திரங்கள் முன்னே வரிசையில் நிற்பர். பின்னே திரை போன்று தூணோ காடோ அமைந்திருக்கும். உணர்ச்சி உச்சமடையும் நொடியில் அசைவு உறைந்திருக்கும். காலில் முள் தைத்ததுபோற் பாவனைசெய்து பின்னே திரும்பிப் பார்க்கும் சகுந்தலை இதற்குச் சிறந்த உதாரணம். அவள் பார்க்கும் துஷ்யந்தன் படத்தினுள் இல்லை. கதை தெரிந்த பார்வையாளனே படச்சட்டத்துக்கு வெளியே அவனை நிறுத்திக்கொள்கிறான்.

இக்காட்சியமைப்பின் புதுமை கிழக்கிலங்கை வாசகருக்கு இலகுவில் விளங்கும். மட்டக்களப்புப் பகுதியின் மரபுவழிக் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. பார்ப்போர் சுற்றிவர இருப்பர். எவருடைய கண்ணுக்கும் தனிச் சலுகை கிடையாது. ஆடுவோர் நாற்புறமும் திரும்பியாடுவர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்து கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றைத் தயாரித்தபோது, ஆட்டமுறைகளை ஒரு திசை நோக்கி மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. இரவிவர்மா புராணத்துக்குச் செய்ததும் இதுவே. ஊர் கூடிச் சுற்றியிருந்து கண்ட கதையை, எதிரே அமர்ந்திருக்கும் ஒரு தனிப் பார்வையாளனின் கண்ணுக்கு உரியதாக்கினார். தனிமனிதனின் பார்வையே உலகின் மையம் என்னும் கருத்து பூர்ஷ்வா யுகத்துக்கு உரியது. அது கதையின் வழியாக அன்றி, தூர நெருக்கங்களைக் காட்டும் முறையின் வழியாகவே இச்சித்திரங்களில் நுழைந்தது.

மூன்றாவது, முகம். இரவிவர்மாவின் தெய்வப் பெண்கள் உயிருள்ள மாதிரிகளைக் கொண்டு வரையப்பட்டோர். ஆகமம் விதித்த நான்கு கைகள் இலக்குமிக்கும் சரசுவதிக்கும் உள்ளன. ஆனால் ஒவ்வொரு கையும் மனித எலும்பும் தசையும் உடையது. சேலை அவர்களுடைய பொது உடையாகிறது. அனைத்திந்திய உடை எதுவென்று தேடிச் சகோதரர் இருவரும் வட இந்தியாவிற் பயணஞ்செய்தமை அறியப்பட்டதே. 1889 அளவில் வரையப்பட்ட இசைக்கலைஞர் குழுவில் பதினொரு பெண்கள் வெவ்வேறு பிரதேசங்களின் உடையில், முஸ்லிம் பெண் உட்பட, ஒரே விரிப்பில் கூடியிருக்கின்றனர். இந்திய தேசிய காங்கிரஸ் 1885இலேயே தோன்றியது என்பதை நினைவிற்கொண்டால், தேசம் எனும் கற்பனை அரசியல் மேடையில் உருப்பெற்ற அதே தசாப்தத்தில் சித்திரத்திலும் உருப்பெற்றமை புலனாகும். ஆயினும் அப்பதினொருவருள் எவரும் மற்றவரை நோக்குவதில்லை. ஒற்றுமை உடைகளின் அணிவகுப்பாக நின்றுவிடுகிறது, உறவாக மலரவில்லை.

உரைநடைப் புனைகதையும் இதே காலத்ததாகும். தமிழில் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இலும், இலங்கையில் சித்திலெப்பையின் அசன்பேயுடைய கதை 1885இலும், மலையாளத்தில் இந்துலேகா 1889இலும் வெளிவந்தன. காப்பிய உலகிலிருந்து மனித உலகுக்கு இறங்கும் முயற்சியும், இறங்கிய பின்னரும் காப்பியத்தின் பட்டாடையைக் கழற்ற இயலாமையும் இவை பலவற்றுக்கும் பொதுவானவை.

4

சகுந்தலையின் மடல் விலைபோன 1876ஆம் ஆண்டு தென்னிந்திய வரலாற்றில் வேறொரு காரணத்தாலும் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டிலேதான் பெரும் பஞ்சம் தொடங்கியது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்கணத்திலும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென்று 1877இல் அரசு விதித்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்ப் பகுதி அந்நிவாரண உழைப்பால் வெட்டப்பட்டது. அக்கால்வாய் இன்றும் பக்கிங்காம் பிரபுவின் பெயரையே தாங்கி நிற்கிறது. திருச்சி, மதுரை, திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டதும் இப்பஞ்ச ஆண்டுகளிலேதான். மலையகத் தமிழரின் வரலாற்றில் அது மறக்கமுடியாத அத்தியாயம்.

ஆக, சகுந்தலையை வாங்கிய கையும் பஞ்ச நிர்வாகத்திற் கையெழுத்திட்ட கையும் ஒன்றே. பஞ்சத்தில் நலிந்தோரின் எலும்புக்கூட்டு உருவங்கள் ஹூப்பர் என்னும் பிரித்தானிய இராணுவ அலுவலரின் புகைப்படங்களிற் பதிவாகின. ஓவியத்தில் அவை இடம்பெறவில்லை.

இதனைக் கொண்டு இரவிவர்மாவைக் குற்றக் கூண்டிலேற்றுதல் கொச்சை மார்க்சியமாகும். கலைஞன் எதை வரையவில்லை என்று பட்டியலிடுவது விமர்சனமாகாது. அன்றைய ஓவியம் எந்தச் சந்தையில் உற்பத்தியானது என்பதே வினா. வாங்குவோர் மன்னரும் ஆளுநரும் நீதிபதியருமாக இருந்த ஒரு துறையில், பஞ்சத்தை வரைவதற்குரிய கித்தானுக்குக் கூலி கொடுப்பார் எவருமிலர். நாவலாசிரியனுக்கு முகமறியா வாசகர் இருந்தனர். எண்ணெய்வண்ண ஓவியனுக்கு முகமறிந்த எசமானரே இருந்தனர். புராணம் இவ்விடத்தில் இருவருக்கும் வசதியான பொதுவெளியாயிற்று. ஆளுநருக்கு அது பண்டைய இந்தியாவின் அழகு, மன்னருக்குக் குலப்பெருமை, மத்தியதர வர்க்கத்தினருக்கு இழந்த தேசத்தின் பொற்காலம்.

சிக்காகோ சென்ற பத்துச் சித்திரங்களுள் தென்னிந்திய நாடோடிக் குடும்பம் ஒன்றும் உண்டு. குழந்தையுடன் நிலத்தில் அமர்ந்திருக்கும் ஏழைத் தாய் அங்கு வரையப்பட்டுள்ளாள். ஆனால் அவளது வறுமை அயல்நாட்டுக் கண்காட்சிக்குரிய பிரதேச வகையாகவே நிற்கிறது. உடை வேறுபாட்டைப் போலவே வறுமையும் ஓர் அடையாளமாகிவிடுகிறது. வெலாஸ்கெசின் முட்டை பொரிக்கும் முதியவளிடமுள்ள வேலை இவளிடம் இல்லை.

5

1888 ஏப்ரலில், பரோடாப் பணி ஒப்படைக்கப்பட்ட அதே ஆண்டில், எங்கெல்ஸ் இலண்டனிலிருந்து மார்கரெட் ஹார்க்னெஸ் என்ற நாவலாசிரியைக்குக் கடிதமொன்று எழுதினார். விவரங்களின் உண்மை மட்டும் யதார்த்தவாதமாகாது. வகைமாதிரியான சூழ்நிலையில் வகைமாதிரியான மனிதர் உண்மையாகப் படைக்கப்படல் வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். முடியாட்சி ஆதரவாளனாகிய பால்சாக், தன் அரசியற் சார்பையும் மீறித் தன் வர்க்கத்தின் வீழ்ச்சியை எழுதநேர்ந்தமையை யதார்த்தவாதத்தின் பெருவெற்றிகளுள் ஒன்றாக எங்கெல்ஸ் கண்டார். விவர உண்மையில் இரவிவர்மாவுக்கு நிகரானோர் அவர் காலத்து இந்தியாவில் அரியர். இரண்டாவது உண்மை அவரிடம் எங்கேனும் சித்தித்ததா?

இரு சித்திரங்களைச் சுட்டலாம். ஒன்று, விராடன் அரண்மனையிற் பணிப்பெண்ணாகிய திரௌபதி, பாலும் தேனும் ஏந்திக் கீசகனிடம் செல்ல அஞ்சி நிற்கும் காட்சி. இங்கே புராணப் பெயரை நீக்கிவிட்டால் எஞ்சுவது, எசமானின் உறவினனிடம் அனுப்பப்படும் ஒரு வேலைக்காரியின் கையறு நிலை. சேலையால் முகத்தை மறைக்க முயலும் கை, மேடைப் பாவனையைத் தாண்டி உண்மையாகிவிடுகிறது. கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயிற் சடங்கில் பாரதக் கதை ஊர்மக்களால் ஆண்டுதோறும் நிகழ்த்தப்பெற்றுத் தீமிதிப்பில் முடிகின்றது. அங்கே திரௌபதை நீதி கேட்பவள். அவளுக்காக மக்கள் நெருப்பில் இறங்குகின்றனர். இரவிவர்மாவின் திரௌபதி இரக்கத்துக்குரியவள் மட்டுமே. மக்கள் மரபு அவளிடம் கண்ட ஆற்றலை எண்ணெய்வண்ணம் காணவில்லை. மக்கள் மரபு காட்டாத அவளது தனிமையை எண்ணெய்வண்ணம் கண்டது. இரண்டையும் சேர்த்து நோக்கும்போதே யதார்த்தநெறியின் வரவும் இழப்பும் தெளிவாகும்.

மற்றையது, 'அதோ அப்பா வருகிறார்' என்ற 1893ஆம் ஆண்டுச் சித்திரம். நாயர் முறையில் வெண்ணிற ஆடை அணிந்த தாய் குழந்தையை இடுப்பில் ஏந்தி வாயிலில் நிற்கிறாள். அருகே ஒரு நாய். அனைவரும் படத்துக்கு வெளியே ஒரு திசையை நோக்குகின்றனர். அப்பா படத்தில் இல்லை. இரவிவர்மாவின் மகள் மகாபிரபாவே இத்தாய்க்கு மாதிரியாக இருந்தார். மருமக்கள்தாயக் குடும்பத்தில் தந்தை வந்துபோகும் விருந்தினன். உரிமையும் சொத்தும் தாய்வழியில், அதிகாரம் தாய்மாமனிடம். ஆங்கிலக் கல்வி, அரசாங்க உத்தியோகம், தனிச் சம்பாத்தியம் ஆகியன இவ்வமைப்பை உள்ளிருந்தே அரித்த காலம் அது. மூன்று ஆண்டுகளின் பின், 1896இல், மலபார்த் திருமணச் சட்டம் வந்தது. தந்தை, தாய், பிள்ளை என்ற புதிய குடும்பத்துக்கான ஏக்கம் இப்படத்தின் தலைப்பில் உள்ளது. தந்தைக்கு அவ்வீட்டில் இன்னும் இடம் உறுதியாகவில்லை என்ற உண்மையோ படத்தின் அமைப்பில் உள்ளது. தலைப்புச் சொல்ல விரும்புவதைவிட அமைப்புச் சொல்லிவிடுவது அதிகம். தாய்மாமனிடம் சித்திரம் கற்று, தாய்வழி வீட்டிற் பிறந்து, தந்தைவழிக் குடும்ப இலட்சியத்தை விரும்பிய ஒரு தலைமுறையின் இருமனநிலை இங்கு ஓவியரின் நோக்கத்தையும் மீறி வெளிப்படுகிறது.

இதனை வெறும் கேரளச் செய்தியாக நாம் கடந்துபோக முடியாது. கோமாரி, திருக்கோவில் முதலிய தமிழூர்களையும் அக்கரைப்பற்று, சாய்ந்தமருது, கல்முனை முதலிய முஸ்லிம் ஊர்களையும் கொண்ட இக்கரையோரத்தில் தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்தாருக்கும் பொதுவானது. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. வீடு மகளுக்குச் செல்வது. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வருவது. இவ்வழக்கங்களையும் பழைய முக்குவர் சட்டத்தையும் ஆய்வாளர் கேரளத் தாயமுறையோடு ஒப்பிட்டு நோக்கியுள்ளனர். வாசலில் நின்று ஆணின் வரவைப் பார்க்கும் அப்பெண், வீடு தன்னுடையதாக இருக்கும் நிலையில் நிற்கிறாள் என்பதை இக்கரையோர வாசகர் மற்றவர்களைவிட விரைவில் உணர்வர்.

6

இரவிவர்மாவின் வரலாற்று முக்கியத்துவம் அரண்மனைச் சுவர்களோடு முடிந்திருந்தால் அவர் ஆய்வாளருக்கு மட்டும் உரியவராகியிருப்பார். அவரைக் கோடிக்கணக்கானோருக்கு உரியவராக்கியது அச்சு. மூலச் சித்திரம் ஒன்றே ஒன்று, வேண்டுவோர் பலர். ஐரோப்பாவில் நகல் எடுப்பிக்குமாறு மாதவராவ் முன்னரே கூறியிருந்தார். 1894இல் பம்பாயில் யேர்மன் இயந்திரங்களையும் தொழில்நுட்பவியலாளரையும் கொண்டு கல்லச்சகம் நிறுவப்பட்டது. வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் கல்லுக்குக் கல் மாறிப் பலமுறை அச்சேறும். இறுதியில் எண்ணெய்வண்ணத்தின் பளபளப்புத் தோன்ற மெருகிடப்படும். சகுந்தலையின் பிறப்பு முதலில் வெளிவந்தது. இலக்குமி, சரசுவதி முதலியோர் தொடர்ந்தனர். பம்பாயிற் கொள்ளைநோய் பரவிய பின்னர், 1899இல் அச்சகம் உலோனாவாலாவுக்கு அண்மையிலுள்ள மளவலிக்குப் பெயர்ந்தது. கடன் சுமையால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சிலைக்கர் என்னும் யேர்மானியருக்கு விற்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய பால்கே, பின்னர் 1913இல் இராஜா அரிச்சந்திராவை எடுத்து இந்தியத் திரைப்படத்தின் முன்னோடியானார். 1972இல் அச்சகம் தீக்கிரையாயிற்று.

இவ்வச்சுப் படங்களின் சமூகப் பங்கு இருமுகமானது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936இலேதான். அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே, கோயில் வீதியில் நடக்கவும் தடுக்கப்பட்டவர் தம் குடிசைச் சுவரில் இலக்குமியைத் தொங்கவிடக்கூடியதாயிற்று. கருவறையின் இருளில், இடைத்தரகர் வழியாகவே காணத்தக்கதாகவிருந்த தெய்வம், சிறு விலைக்குக் கைக்கு வந்தது. இது ஒரு சனநாயகப்படுத்தல் என்பதை மறுக்கவியலாது. ஆனால் அவ்வாறு வந்த தெய்வம் உயர்குடிப் பெண்ணின் நிறத்தையும் நகையையும் சேலைக்கட்டையும் தன்னோடு கொண்டுவந்தது. கோயிற் கதவைத் திறந்த அதே அச்சு, அழகு என்றால் சிவந்த மேனியும் பட்டும் பொன்னும் என்ற வர்க்க, சாதி அளவுகோலை ஒவ்வொரு வீட்டிலும் மாட்டிவைத்தது. சவர்க்காரம், மருந்து விற்போரின் நாட்காட்டிகள் அதனைத் தொடர்ந்தன. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய மாணவரும் வரைந்து சிவகாசி அச்சிட்ட தெய்வப் படங்கள் அதனைத் தமிழ்ப்படுத்தின. திரைப்படம் அதற்கு அசைவு கொடுத்தது. கல்லில் நிறம் பிரித்த தொழிலாளியின் பெயர் எப்படத்திலும் இல்லை.

7

இரவிவர்மா மறைந்த மறு ஆண்டிலேயே அவர்மீது கடுங்கண்டனம் எழுந்தது. எழுப்பியோருள் முதன்மையானவர் கொழும்பிற் பிறந்தவரும் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனுமாகிய ஆனந்த குமாரசுவாமி. 1907இல் அவர் எழுதியதன் சாரம், இரவிவர்மாவின் தெய்வங்களில் நாடகத்தனம் மிகுந்துள்ளது, கற்பனையும் இந்திய உணர்வும் குறைந்துள்ளன என்பதாகும். கல்கத்தாவில் ஈ. பி. ஹவெலும் அவனீந்திரநாத் தாகூரைச் சூழ்ந்தோரும் இதே நோக்கினர்.

குமாரசுவாமியின் கண்டனத்திற் பாதி உண்மை. இரவிவர்மாவின் நாடகத்தனத்தை நாமும் சுட்டினோம். ஆனால் அவர் காட்டிய மாற்று யாது? இந்தியக் கலை அகவயமானது, ஆன்மிகமானது. தோற்றத்தைப் பின்பற்றுதல் மேற்கின் சடவாதம் என்பது. இக்கூற்று காலனித்துவத்துக்கு எதிரான தன்மானத்திற் பிறந்தது எனினும், உழைப்பாளியின் உடலை வரைவதே இந்தியத் தன்மைக்கு அந்நியமானது என்ற முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடியது. இரவிவர்மாவின் குறை அவர் யதார்த்தத்தை நாடியமை அன்று. அதனைப் பாதிவழியில் நிறுத்திக்கொண்டமையே. குமாரசுவாமி அந்தப் பாதிவழியையும் திருப்பிவிட முயன்றார்.

மீதிப் பாதியைக் கடக்க இன்னொரு பஞ்சம் வரவேண்டியிருந்தது. 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் மாண்டபோது, சித்தப்பிரசாத் (1915–1978) மிதுனபுரிக் கிராமங்களில் நடந்து திரிந்து கண்டவற்றை மையினால் வரைந்தார். 'பசித்த வங்காளம்' என்ற அவருடைய சிறுநூலின் ஐயாயிரம் பிரதிகளைப் பிரித்தானிய அரசு கைப்பற்றி எரித்தது. கிழக்கு வங்காள முஸ்லிம் குடும்பத்திற் பிறந்த சைனுல் ஆப்தீன் (1914–1976), கல்கத்தா வீதிகளில் வீழ்ந்துகிடந்தோரை மலிவான பொதிதாளில் கருமையினால் தீட்டினார். அவர்களுக்கு ஆளுநரும் மன்னரும் புரவலரல்லர். சித்தப்பிரசாத்துக்கு இயக்கம் இருந்தது, பத்திரிகை இருந்தது, முகமறியா வாசகர் இருந்தனர். ஓவியத்தின் உற்பத்திச் சூழல் மாறியதும் அதன் கண்ணும் மாறியது. கோயாவின் அச்சோவியங்களுக்கு இந்தியத் துணைக்கண்டத்தில் உடன்பிறப்புகள் தோன்றியது அப்பொழுதே. அதே 1943இல் கொழும்பில் தோன்றிய '43 குழு'வினர் அக்கடமிப் பாணியை வேறு திசையில், நவீனத்துவத்தின் பக்கமாக நின்று, எதிர்த்தமையும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

8

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். இரவிவர்மா காப்பிய உலகத்துக்கு மனித உடலைக் கொடுத்தார். ஆனால் அவ்வுடல் பெரும்பாலும் உழைக்காத உடல். ஓவியத்தை அரண்மனையிலிருந்து குடிசைக்கு அச்சின் மூலம் கொண்டுசென்றார். ஆனால் குடிசையை ஓவியத்துள் கொண்டுவரவில்லை. வெலாஸ்கெசிடம் தெய்வம் குடியானவரிடையே வந்து அமர்ந்தது. இரவிவர்மாவிடம் உயர்குடிப் பெண் தெய்வத்தின் பீடத்தில் ஏறினாள். இவ்வேறுபாடு திறமையின் வேறுபாடன்று. காலனித்துவத்தின் கீழ் முதலாளித்துவம் முழுமையாக வளராது, நிலமானியத்தோடு சமரசம் செய்துகொண்ட ஒரு சமூகத்தின் வேறுபாடு.

எனினும் வாயிலில் நிற்கும் தாயிலும் அஞ்சி நிற்கும் திரௌபதியிலும் அச்சமரசம் ஒரு கணம் விரிசல் காண்கிறது. 1979இல் இந்திய அரசு இரவிவர்மாவின் படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்து நாட்டை விட்டு வெளியேறாது தடைசெய்தது. செல்வம் என்று பூட்டிவைப்பதனாலோ, நாட்காட்டிக் கலை என்று ஒதுக்குவதனாலோ அவ்விரிசல் நமக்குப் புலப்படாது. நமது பல்கலைக்கழகத் தமிழாய்வு இலக்கிய நூல்களோடு நின்றுவிடாது, வீட்டுச் சுவரையும் கோயிற் சடங்கையும் கூத்துக் களரியையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளும்போது, நம் மக்கள் உலகைக் கண்ட முறைகளின் வரலாறு எழுதப்படும். பாண்டிருப்பின் திரௌபதையும் கிளிமானூரின் திரௌபதியும் அவ்வரலாற்றில் அருகருகே இடம்பெறவேண்டியவர்கள்.